அதிகம் பழகாதவருக்குப் பரிந்துரைக் கடிதம்: முதல்முறை எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

"வணக்கம். என்னை உங்களுக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன்."

ஆசிரியப் பணியில் சேர்ந்த ஓரிரு ஆண்டுகளுக்குள் இப்படித் தொடங்கும் மின்னஞ்சல் உங்களுக்கும் வந்துவிடும். எனக்கு வந்தபோது ஆளை நினைவில்லை. பழைய கோப்புகளைப் புரட்டித்தான் கண்டுபிடித்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய ஒரு பாடத்தில் உதவியாளராக இருந்தவர். ஒரு பருவம், வாரம் ஒரு பயிற்சி வகுப்பு. இப்போது முனைவர் பட்டம் முடித்துவிட்டு உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். மூன்று கடிதங்கள் வேண்டுமாம், மூன்றாவது என்னுடையது. கெடு நான்கு நாள்.

மறுக்க வாய் வரவில்லை. ஆறு மணி நேரம் உட்கார்ந்து முக்கால் பக்கம் எழுதினேன். அர்ப்பணிப்பு, ஆர்வம், சிறந்த பண்பு என்று அகராதியில் இருந்த நல்ல சொற்களெல்லாம் அதில் இருந்தன. அந்த மனிதர் மட்டும் இல்லை.

அடுத்த ஆண்டு ஒரு தேர்வுக் குழுவில் உட்கார வேண்டிவந்தது. கட்டுக் கட்டாகக் கடிதங்கள், பெரும்பாலானவை என்னுடையதைப் போலவே. அவற்றின் முதல் பத்தியைப் பார்ப்போம், கடைசி வரியைப் பார்ப்போம், அடுத்ததை எடுப்போம். ஒரு கடிதம் மட்டும் எங்களை நிறுத்தியது. விண்ணப்பதாரரோடு தனக்கு மொத்தம் இரண்டு நாள் பழக்கம்தான் என்று எழுதியவர் முதல் வரியிலேயே சொல்லியிருந்தார். அந்த இரண்டு நாளில், ஒரு பயிலரங்கில், தன் கண்ணால் கண்டதை ஒரே பத்தியில் விவரித்திருந்தார். அந்தப் பத்தியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினோம்.

அதன் பிறகு நான் எழுதும் முறையை மாற்றிக்கொண்டேன். கீழே இருப்பது அந்த முறை.

1. இரண்டு நாளுக்குள் பதில் சொல்லுங்கள்

ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. ஒரு தாளை எடுத்து, அந்த நபர் செய்து நீங்கள் நேரில் பார்த்த அல்லது படித்த மூன்று செயல்களை எழுதுங்கள். "நல்லவர்" செயல் அல்ல. "மதிப்பெண் குறித்துச் சண்டைக்கு வந்த மாணவனை விடைத்தாளோடு உட்காரவைத்து, அவனே தன் பிழையைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தார்" என்பது செயல். மூன்று தேறினால் எழுதலாம். ஒன்றோ இரண்டோ தேறினால், சந்தித்துப் பேசிய பிறகு (படி 3) முடிவு செய்யலாம். ஒன்றுமே தேறாவிட்டால் மறுத்துவிடுங்கள்.

மறுப்பதற்கு நான் வைத்திருக்கும் வாசகம் இது: "உங்களைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் உங்கள் வேலையை நான் நெருங்கிப் பார்த்ததில்லை. என் கடிதம் மெலிந்து போகும், அது உங்களுக்குப் பலம் சேர்க்காது. உங்களோடு அதிகம் வேலை செய்த ஒருவரைக் கேட்பது நல்லது." இவ்வளவு போதும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

இங்கே மூன்று பள்ளங்கள் உண்டு. முதலாவது, பதிலே போடாமல் இருப்பது. நீங்கள் தயங்கும் ஒவ்வொரு நாளும் விண்ணப்பதாரர் வேறொருவரைத் தேடும் நாளில் கழிகிறது. இரண்டாவது, இரக்கப்பட்டு ஒப்புக்கொள்வது. மூன்றாவதுதான் மோசமானது: ஒப்புக்கொண்டுவிட்டு அரைமனதாக எழுதுவது. ஆளின் மேல் உங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லையென்றால் தொடக்கத்திலேயே ஒதுங்கிவிடுங்கள். கேட்டவரின் முதுகுக்குப் பின்னால் குறை எழுதி அனுப்புவது துரோகம்.

மற்ற இரண்டு கடிதங்களை யார் எழுதுகிறார்கள் என்பதையும் அப்போதே கேளுங்கள். முனைவர் பட்ட ஆய்வை வழிநடத்திய நெறியாளர் அந்த ஆய்வைப் பற்றி எழுதுவார் என்றால் நீங்கள் வகுப்பறையைப் பற்றி மட்டும் எழுதலாம், சுமை பாதியாகிவிடும். நெறியாளர் எழுதவில்லையென்றால் ஏன் என்று கேட்பதில் தவறில்லை. அவர் ஓய்வு பெற்றிருக்கலாம், இறந்திருக்கலாம், இருவருக்கும் ஒத்துப்போகாமலும் போயிருக்கலாம். காரணம் எதுவானாலும், விண்ணப்பதாரரின் அனுமதி இல்லாமல் அதைக் கடிதத்தில் தொடாதீர்கள்.

2. ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள்

ஒப்புக்கொண்ட அதே மின்னஞ்சலிலேயே பட்டியலை அனுப்பிவிடுங்கள். நான் கேட்பவை:

- வேலை விளம்பரம், முழு வாசகத்தோடு. இணைப்பு மட்டும் வேண்டாம். கெடு முடிந்ததும் பக்கம் மறைந்துவிடும்.
- தன்விவரக் குறிப்பு.
- அந்த வேலைக்காக எழுதிய விண்ணப்பக் கடிதம். வரைவாக இருந்தாலும் பரவாயில்லை.
- ஆய்வுத் திட்ட அறிக்கை அல்லது கற்பித்தல் அறிக்கை, எதைப் பற்றி எழுதப்போகிறீர்களோ அது.
- அவரே சிறந்தது என்று கருதும் ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரை. ஐந்து அனுப்பினால் எதையும் படிக்க மாட்டீர்கள்.
- எல்லா இடங்களின் பட்டியல்: நிறுவனம், பதவியின் பெயர், கெடு, கடிதம் போய்ச்சேர வேண்டிய வழி.
- ஒரு பக்கக் குறிப்பு: நாம் எப்போது, எங்கே சந்தித்தோம், என்னோடு என்ன வேலை செய்தீர்கள், நான் எதைப் பற்றிப் பேசினால் உதவும்.

இந்தக் கடைசிக் குறிப்புதான் எல்லாவற்றிலும் விலைமதிப்புள்ளது. நீங்கள் மறந்தே போன ஒன்று அதில் இருக்கும். என் உதவியாளர் எழுதியிருந்தார்: "பருவத்தின் நடுவில் நான்காவது பயிற்சித் தாளை மாற்றி எழுதிக் கொடுத்தேன், நீங்கள் அதை அடுத்த ஆண்டும் பயன்படுத்தினீர்கள்." உண்மைதான். அந்தத் தாளை நான் இன்றும் பயன்படுத்துகிறேன். யார் எழுதியது என்பதை மறந்துவிட்டிருந்தேன்.

மதிப்பெண்களைக் குறிப்பிடுவதாக இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் கல்விப் பதிவுச் சட்டப்படி அது கட்டாயம்; மற்ற இடங்களிலும் பாதுகாப்பான பழக்கம். அதே சட்டம் மாணவருக்குத் தன் பதிவுகளைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. அதனால்தான் அங்கே "இக்கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்ற கட்டத்தில் விண்ணப்பதாரரை டிக் செய்யச் சொல்கிறார்கள். டிக் செய்திருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒளிவுமறைவில்லாமல் எழுதப்பட்டது என்று குழுவினர் நம்புவது பெரும்பாலும் அப்படிப்பட்ட கடிதத்தைத்தான்.

ஒரு எச்சரிக்கை. "நீங்களே எழுதிக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லாதீர்கள். நேர்மை ஒருபுறம் இருக்கட்டும், அது விண்ணப்பதாரருக்கே கேடு. மூவருக்கும் அவரே எழுதினால் மூன்று கடிதங்களும் ஒரே குரலில் பேசும்; குழுவில் யாராவது ஒருவர் அதைப் பிடித்துவிடுவார். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் அவருடைய ஆவணங்களைக் கொட்டி எழுதச் சொல்வதும் வேண்டாம். இன்னொருவரின் தனிப்பட்ட தகவல்களை வெளியே தூக்கிக் கொடுக்கிறீர்கள். பதிலுக்குக் கிடைப்பது என் முதல் கடிதத்தைப் போன்ற அடைமொழிக் குவியல்.

3. அரை மணி நேரம் பேசுங்கள்

பலரும் தவிர்த்துவிடும் படி இது. எனக்கு அதிக நேரத்தை மிச்சப்படுத்துவதும் இதுதான். நேரிலோ காணொளியிலோ அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆவணங்களைப் படித்துவிட்டுப் போங்கள். தன்விவரக் குறிப்பில் இருப்பதையே திரும்பக் கேட்காதீர்கள்.

நான் கேட்கும் கேள்விகள் நான்கு. உங்கள் ஆய்வில் எது பொய்த்துப்போனது, அப்போது என்ன செய்தீர்கள்? இந்தக் கட்டுரையில் உங்கள் கை எங்கே, மற்றவர்களின் கை எங்கே? ஒரு பாடத்தை மீண்டும் நடத்தச் சொன்னால் எதை மாற்றுவீர்கள்? இந்த வேலை உங்களுக்கு ஏன் வேண்டும்?

முதல் கேள்விக்கு ஒருவர் சொன்ன பதில் எனக்கு மறக்காது. எட்டு மாதம் சேகரித்த அளவீடுகளில் ஒரு கருவி தொடக்கத்திலிருந்தே தவறாக அளவிட்டிருக்கிறது. கண்டுபிடித்த அன்று என்ன செய்தீர்கள் என்றேன். கையிலிருந்த தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு கோட்டுப்படம் வரைந்தார். "பிழை எல்லா அளவீட்டிலும் ஒரே அளவில் இருந்தது. அதனால் மொத்தமும் வீணில்லை. வித்தியாசங்களை மட்டும் நம்பலாம். கேள்வியை அப்படி மாற்றிக்கொண்டேன்." இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். அந்தப் படமும் அந்த இரண்டு நிமிடமும் அப்படியே கடிதத்துக்குள் போயின.

இந்தச் சந்திப்பில் நீங்கள் பார்ப்பதும் கேட்பதும் உங்கள் நேரடி அனுபவம்தான். "இக்கடிதத்துக்காக அவரோடு அண்மையில் விரிவாகப் பேசினேன்" என்று வெளிப்படையாக எழுதலாம். அரைகுறைப் பழக்கம் உள்ளவருக்கு இதைவிட நேர்மையான மூலதனம் கிடையாது.

4. உங்கள் கோப்புகளையும் தோண்டுங்கள்

பழைய மின்னஞ்சல்கள், விடைத்தாள்களில் நீங்கள் எழுதிய குறிப்புகள், மதிப்பெண் பட்டியல், மாணவர் கருத்துப் படிவங்கள். இருபது நிமிடம் போதும். அவர் பெயரைப் போட்டுத் தேடினாலே ஒன்றிரண்டு கிடைக்கும்.

5. எழுதுங்கள்

ஒரு பக்கத்திலிருந்து ஒன்றரைப் பக்கம். நான்கு வரியில் முடித்தால் ஆர்வமில்லை என்று பொருள்கொள்வார்கள். மூன்று பக்கம் நீட்டினால், இவ்வளவு குறைவான பழக்கத்தில் இத்தனை எப்படித் தெரியும் என்று சந்தேகிப்பார்கள்.

முதல் பத்தியில் எப்படித் தெரியும், எவ்வளவு காலம், எந்த நிலையில் என்பதைச் சொல்லுங்கள். எல்லையை ஒரே ஒரு முறை, மன்னிப்புக் கேட்காமல் சொல்லுங்கள்:

"இவர் என் பாடத்தில் ஒரு பருவம் கற்பித்தல் உதவியாளராக இருந்தார். அவருடைய ஆய்வை நான் மேற்பார்வையிட்டதில்லை. அதைப் பற்றி அவர் நெறியாளர் எழுதுவார். வகுப்பறையில் நான் கண்டதைப் பற்றியும், அண்மையில் படித்த அவருடைய ஒரு கட்டுரையைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்."

இதன் பிறகு "எனக்குத் தெரிந்த அளவில்", "அதிகம் பழகவில்லை என்றாலும்" போன்ற தொடர்களை எங்கேயும் மீண்டும் போடாதீர்கள். ஒரு முறை சொன்னால் நேர்மை; நான்கு முறை சொன்னால் கைகழுவுவது போல் ஆகிவிடும்.

இரண்டாம் பத்தியில் ஒரே நிகழ்ச்சி. விரிவாக. என் முதல் கடிதத்தில் இருந்த வாக்கியம்: "மாணவர்களிடம் மிகுந்த அக்கறை உள்ளவர்." இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்: "நான்காவது பயிற்சித் தாளில் மாணவர்கள் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, நான் சொல்லாமலே அதைப் படிப்படியான ஐந்து கணக்குகளாக மாற்றி எழுதினார். அந்தத் தாளை இன்றும் பயன்படுத்துகிறேன்." அக்கறை என்ற சொல்லே தேவைப்படவில்லை.

மூன்றாவது, நீங்கள் படித்த கட்டுரையைப் பற்றிய உங்கள் சொந்த மதிப்பீடு. சுருக்கத்தை நகலெடுக்காதீர்கள். எந்த முடிவு உங்களை வியக்கவைத்தது, வாதத்தில் எந்த இடம் வலுவானது என்று துறை அறிந்தவராக இரண்டு மூன்று வாக்கியம் போதும். உங்கள் துறை வேறாக இருந்தால் அதையும் சொல்லிவிட்டு, வெளியாளுக்குப் புரியும்படி அவர் எழுதுகிறாரா என்று மட்டும் சொல்லுங்கள். அதுவும் கற்பிக்கும் வேலைக்குத் தேவையான தகவல்தான்.

நான்காவது, விளம்பரத்தோடு பொருத்தம். முதலாண்டு மாணவர்களுக்கு அடிப்படைப் பாடம் நடத்த ஆள் தேடுகிறார்கள் என்றால், நீங்கள் கண்டது அந்த வேலைக்கு எப்படிப் பயன்படும் என்று ஒரு வாக்கியம். ஒப்பிட்டுச் சொல்வதானால் எண்ணிக்கையோடு சொல்லுங்கள்: "இதுவரை என்னோடு பணியாற்றிய ஒன்பது உதவியாளர்களில் முதல் இருவருள் ஒருவர்." எண்ணிக்கை இல்லாத "மிகச் சிறந்தவர்களில் ஒருவர்" காற்றோடு போய்விடும். "நான் கண்டவர்களிலேயே தலைசிறந்தவர்" என்று ஆண்டுக்கு இரண்டு பேருக்கு எழுதினால், இரண்டும் ஒரே குழுவின் மேசைக்குப் போகும் நாள் வந்தே தீரும்.

கடைசியில் பரிந்துரையின் அழுத்தம் தெளிவாக ஒரு வரி, தொடர்பு எண், கையொப்பம்.

இனி, நல்லெண்ணத்தோடு எழுதியும் ஆளைக் கவிழ்க்கும் சொற்கள். "நேரம் தவறாதவர்", "பணிவானவர்", "கொடுத்த வேலையைச் செய்பவர்" ஆகியவை மட்டும் ஒரு கடிதத்தில் இருந்தால், அறிவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று குழு எடுத்துக்கொள்ளும். "வருங்காலத்தில் நன்றாக வளர்வார்" என்றால் இப்போது போதாது என்று பொருள். நான் உயர்வாக நினைத்துத்தான் இவற்றில் இரண்டை என் முதல் கடிதத்தில் எழுதினேன்.

பெண் விண்ணப்பதாரர்களுக்கு எழுதும்போது இந்தச் சரிவு இன்னும் எளிதில் நேர்கிறது. மருத்துவக் கல்லூரி ஆசிரியப் பணிக்கான முந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வில், பெண்களுக்கான கடிதங்கள் சராசரியாகக் குட்டையாகவும், சந்தேகத்தைக் கிளப்பும் தொடர்கள் கூடுதலாகவும் இருந்தன. புவி அறிவியலில் 54 நாடுகளிலிருந்து வந்த 1,224 கடிதங்களைப் பார்த்த 2016ஆம் ஆண்டின் ஆய்வு, "மிகச் சிறப்பு" என்ற தரத்திலான கடிதம் பெறும் வாய்ப்பு பெண்களுக்கு ஏறக்குறையப் பாதிதான் என்று கண்டது. எழுதியவர்களில் பெண்களும் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அதிகம் தெரியாத ஒருவரைப் பற்றி எழுதும்போது வெற்றிடத்தை நம் பழக்கச் சொற்கள் நிரப்பிவிடுகின்றன. "கனிவானவர்", "எல்லோரிடமும் இணக்கமானவர்" என்று கை தானாக ஓடும். முடித்ததும், இதே கடிதத்தை ஓர் ஆணுக்கு எழுதியிருப்பேனா என்று வரிவரியாகப் பார்ப்பது என் வழக்கம்.

உடல்நிலை, திருமணம், குழந்தைகள், வயது, மதம், சாதி எதுவும் கடிதத்துக்குள் வரக்கூடாது. "குடும்பச் சுமைகளுக்கு நடுவிலும்" என்று பாராட்டாகக் கூட வேண்டாம்.

6. நேரமும் செலவும்

இப்போது எனக்கு ஒரு புதிய கடிதத்துக்கு ஆகும் நேரம்: ஆவணங்களைப் படிக்க ஒன்றரை மணி, பேச அரை மணி, எழுத இரண்டு மணி, மறுநாள் திருத்த அரை மணி. அதன் பிறகு ஒவ்வோர் இடத்துக்கும் ஏற்ப மாற்றி, அந்தத் தளத்தில் ஏற்றக் கால் மணி. பன்னிரண்டு இடங்கள் என்றால் அதுவே மூன்று மணி நேரம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எத்தனை இடங்கள் என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

பணச் செலவு உங்களுக்கு அநேகமாக இல்லை. கணிதத் துறையில் புழங்கும் மேத்ஜாப்ஸ் போன்ற வேலை விண்ணப்பத் தளங்களில் ஒருமுறை ஏற்றிய கடிதத்தை விண்ணப்பதாரர் பல இடங்களுக்குப் பயன்படுத்தலாம். கடிதங்களைச் சேமித்து அனுப்பித் தரும் இன்டர்ஃபோலியோ போன்ற சேவையில் ரகசியக் கடிதம் பூட்டியபடி இருக்கும். விண்ணப்பதாரர் அதைத் திறக்க முடியாது, அனுப்ப மட்டும் முடியும். கட்டணம் அவருடையது. இப்படி ஒரே கடிதம் பல இடங்களுக்குப் போகும்போது குறிப்பிட்ட நிறுவனத்தின் பெயரை அதில் எழுதாதீர்கள். முத்திரையிட்ட உறையில் தபாலில் கேட்கும் இடங்கள் அரிது. கேட்டால், உறை ஒட்டிய இடத்தின் குறுக்கே கையொப்பமிட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்தச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். விண்ணப்பதாரரிடமிருந்து பணமோ பரிசோ வாங்கவே கூடாது.

கெடுவுக்கு மூன்று வாரத்துக்கும் குறைவாக இருக்கும்போது கேட்டால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு விதிவிலக்கு: சில இடங்களில் இறுதிப்பட்டியல் தயாரான பிறகுதான் கடிதம் கேட்பார்கள், அப்போது ஒரு வாரம்கூடக் கிடைக்காது, விண்ணப்பதாரர் மேல் தவறில்லை. நான் உண்மையான கெடுவுக்கு ஐந்து நாள் முன்பாக என் கெடுவைக் குறித்துக்கொள்கிறேன். "நள்ளிரவு 12 மணி" என்றால் எந்த நாட்டின் நள்ளிரவு என்று பாருங்கள்.

7. ஏற்றும்போது

தளத்திலிருந்து வரும் இணைப்பு ஸ்பேமில் விழும். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பும் வரவில்லையென்றால் விண்ணப்பதாரரிடம் சொல்லி மீண்டும் அனுப்பச் செய்யுங்கள்.

சில தளங்களில் கடிதத்தை ஏற்றும் முன் கேள்விகள் இருக்கும்: எத்தனை ஆண்டு தெரியும், முதல் 5 சதவீதத்திலா 10 சதவீதத்திலா. கடிதத்தில் எழுதியதற்கு மாறாக எதையும் டிக் செய்யாதீர்கள். "மதிப்பிட இயலாது" என்ற கட்டம் உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது, தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

பழைய கடிதத்தின் மேல் புதியதை எழுதும் பழக்கம் எனக்கு இருந்தது. பெயரை எல்லா இடத்திலும் மாற்றினேன், மூன்றாம் பத்தியில் "அவள்" என்பதை "அவன்" ஆக்க மறந்தேன். அதையாவது கடைசி நேரத்தில் பிடித்தேன். இன்னொரு முறை கடிதம் முழுக்கச் சரியாக இருந்தது, பி.டி.எஃப். கோப்பைத் திறந்ததும் மேலே, தலைப்புப் பட்டையில், முந்தைய ஆண்டு எழுதிய வேறொருவரின் பெயர் நின்றது. கோப்பின் பண்புகளில் பழைய தலைப்பு அப்படியே தங்கிவிட்டது. அதை அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் வெற்றுக் கோப்பில் தொடங்குகிறேன். லெட்டர்ஹெட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஏற்றும் முன் கடைசியாகப் பாருங்கள்: தேதி, நிறுவனத்தின் பெயர், பதவியின் பெயர், விண்ணப்பதாரர் பெயரின் எழுத்துகள் அவருடைய தன்விவரக் குறிப்பில் உள்ளபடி.

8. அனுப்பிய பிறகு

"அனுப்பிவிட்டேன்" என்று அன்றே ஒரு வரி எழுதுங்கள். அந்தப் பக்கத்தில் ஒருவர் தூங்காமல் காத்திருக்கிறார். உள்ளடக்கத்தைக் காட்ட வேண்டியதில்லை.

குழுவிலிருந்து தொலைபேசி வரக்கூடும். கடிதத்தைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டு பேசுங்கள். தெரியாததைக் கேட்டால், "அதை நான் பார்த்ததில்லை" என்று சொல்லிவிடுங்கள். என்னிடம் ஒருமுறை சக ஆசிரியர்களோடு எப்படிப் பழகுவார் என்று கேட்டார்கள். பார்த்ததில்லை என்றேன். மறுமுனையில் சற்று மௌனம், பிறகு, "அந்த அளவீட்டுக் கருவி விஷயத்தைக் கொஞ்சம் விளக்க முடியுமா?" என்று கேட்டார்கள். மீதி உரையாடல் முழுக்க அதைப் பற்றித்தான்.

கடிதம், விளம்பரம், சந்திப்பில் எடுத்த குறிப்புகள் மூன்றையும் ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள். வேலை கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டும் அவர் வருவார். அப்போது முதல் பத்தியில் ஆண்டுக் கணக்கை மாற்றவும், புதிய கட்டுரை ஏதாவது இருந்தால் படித்துச் சேர்க்கவும் மறக்காதீர்கள். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.